தில்லைநகர் மாடியில ஒரு கவுன்சிலிங் சென்டர்: 14 மாசம் போயிட்டு வந்தவன் எழுதுற ரிவ்யூ

அஞ்சுக்கு நாலு ஸ்டார். அந்த ஒரு ஸ்டார் எங்க போச்சுன்னு பின்னாடி சொல்றேன். சென்டர் பேர் மட்டும் போட மாட்டேன், கேக்காதீங்க. திருச்சில சின்ன வயசுல பாலியல் கொடுமைல மாட்டினவங்களுக்கு ஒழுங்கா கவுன்சிலிங் குடுக்கற இடங்கள விரல் விட்டு எண்ணிடலாம், பேர போட்டா நான் யாருன்னு எங்க துவாக்குடி பக்கம் ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சிருவானுங்க. பேர் இல்லாத ரிவ்யூவால என்னய்யா பிரயோஜனம்னா, எந்த ஊர்ல எந்த இடத்துக்கு போனாலும் எத பாக்கணும்னு தெரியும்ல, அதுக்குத்தான் எழுதுறேன்.

எனக்கு வயசு 41. ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்ல வெல்டிங் சூப்பர்வைசர். ஒன்பது வயசுல பாட்டி வீட்டு மாடி ரூம்ல, சித்தப்பா முறை ஆகுற ஒருத்தரால, ரெண்டு முழுப்பரீட்சை லீவு. இதுக்கு மேல இங்க எழுத மாட்டேன். என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்க வந்தவங்க இங்கயே நிறுத்திக்கலாம். அதுக்கப்பறம் 32 வருஷம் எப்படி ஓடுச்சு, சென்டர் எப்படின்னு தெரிஞ்சுக்கணும்னா படிங்க.

32 வருஷம் நல்லாத்தான் ஓடுச்சுன்னு நெனச்சேன். படிச்சேன், வேலைக்கு போனேன், கல்யாணம் ஆச்சு. தூக்கம் மட்டும் எப்பவுமே அரைகுறைதான், ஷிஃப்ட் வேலைல அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பையனுக்கு ஒன்பது வயசு முடிஞ்சு பத்து பொறந்த சமயம், ஒரு கல்யாண வீட்ல பெரியவர் ஒருத்தர், பாவம் நல்ல மனுஷன், அவன கூப்ட்டு மடில உக்கார வச்சாரு. நான் பந்தில சாப்ட்டுட்டு இருந்தவன் எச்சக்கையோட எந்திரிச்சு போயி பையன புடிச்சு இழுத்துட்டேன், கத்திட்டேன். மண்டபமே திரும்பி பாத்துச்சு. ஏன் கத்துனேன்னு எனக்கே தெரியல. கை அரை மணி நேரம் நடுங்கிட்டே இருந்துச்சு. நாம எந்த வயசுல மாட்டினோமோ அந்த வயசுக்கு நம்ம புள்ள வரும்போது பழசு கிளம்பறது நிறைய பேருக்கு நடக்குமாம். அது அப்ப எனக்கு தெரியாது, பைத்தியம் புடிக்குதுன்னு தான் நெனச்சேன்.

இந்த சென்டர் மூணாவது இடம். முதல் இடத்துல ஒரு டாக்டர், எட்டு நிமிஷம், தூக்க மாத்திரை. மாத்திரைய குறை சொல்லல, தூங்குனேன், ஆனா கனவு நிக்கல. ரெண்டாவது இடத்துல ஒரு கவுன்சிலர், உக்காந்த பத்தாவது நிமிஷம் 'முழுசா சொல்லுங்க, உள்ள வச்சிருக்கறதுதான் வியாதி, வெளிய கொட்டிருங்க'ன்னாரு. கொட்டினேன். எல்லாத்தையும், ஒரே மூச்சுல. கேட்டுட்டு அவர் சொன்னது, 'அவர மன்னிச்சிடுங்க, உங்களுக்கு நிம்மதி வரும்'. ஃபீஸ் கட்டிட்டு வெளிய வந்து வண்டில சாவிய போட முடியல, தொளை எங்க இருக்குன்னு கண்ணுக்கு தெரியல. அடுத்த மூணு வாரம் முன்னைக்கு விட மோசம். அந்த மூணு வாரத்துல நான் யோசிச்ச சில விஷயங்கள இங்க எழுத முடியாது.

அதனால மூணாவது இடத்துக்கு போகும்போது நான் ரெடியா போனேன். கேட்டா சொல்லவே கூடாதுன்னு.

கேக்கவே இல்ல!

அதுதான் இந்த ரிவ்யூல முக்கியமான விஷயம், மத்ததெல்லாம் சைடு டிஷ். ஒன்பது வாரம், ஒன்பது செஷன், அந்த மேடம் 'என்ன நடந்துச்சு'ன்னு ஒரு தடவ கூட கேக்கல. முதல் நாள் அவங்க கேட்ட முதல் கேள்வி, 'சார், கதவ சாத்தலாமா, இல்ல கொஞ்சம் திறந்தே இருக்கட்டுமா?' நான் முழிச்சேன். என் வாழ்க்கைல அந்த கேள்விய யாருமே கேட்டதில்ல. சாத்தலாம், தாழ்ப்பாள் மட்டும் போடாதீங்கன்னு சொன்னேன், ஏன் அப்படி சொன்னேன்னு அப்பறம்தான் புரிஞ்சுது. அவங்களுக்கு அப்பவே புரிஞ்சிருக்கும், ஆனா முகத்துல காட்டல. அப்பறம் எந்த நாற்காலின்னு என்னையே எடுத்துக்க சொன்னாங்க. கதவ பாத்த மாதிரி இருக்கறத எடுத்தேன். 14 மாசம் அதே நாற்காலிதான், ஒரு நாள் அதுல வேற யாரோ பைய வச்சுட்டு போயிருந்தாங்க, எனக்கு கோவம் கூட வந்துச்சு.

சரி ஒன்பது வாரம் என்னதான் பண்ணாங்க? தூக்கம் பத்தி பேசுனாங்க. சாப்பாடு. எந்த வாசம், எந்த சத்தம் வந்தா உடம்பு இறுகுதுன்னு ஒரு நோட்டுல எழுத வச்சாங்க (எனக்கு வெத்தல புகையில வாசம், அப்பறம் இரும்பு தாழ்ப்பாள் இழுக்கற சத்தம், யூனிட்ல நாள் முழுக்க இரும்பு சத்தம் கேட்டும் ஒண்ணும் ஆகாது, வீட்ல பாத்ரூம் தாழ்ப்பாள் சத்தம் கேட்டா மட்டும் தோள் தூக்கிக்கும்). பழசு கிளம்புனா உடனே கண்ணுக்கு தெரியற அஞ்சு பொருள், தொட முடியற நாலு, காதுல விழற மூணு, மூக்குக்கு ரெண்டு, நாக்குக்கு ஒண்ணுன்னு எண்ணி நிகழ்காலத்துக்கு வர்ற ஒரு முறை. ரெண்டு கையையும் நெஞ்சுக்கு குறுக்க வச்சு தோள மாத்தி மாத்தி தட்டற இன்னொண்ணு, பட்டாம்பூச்சி மாதிரி. மெக்சிகோல ஒரு பெரிய புயலுக்கப்பறம் பயந்து போன குழந்தைங்களுக்காக ஆரம்பிச்சதாம் அது. முதல்ல சிரிப்பு வந்துச்சு. இப்ப கம்பெனி பஸ்ல கைய கட்டிக்கிட்டு யாருக்கும் தெரியாம பண்றேன்.

ஆறாவது வாரம் எனக்கு பொறுக்கல. காசு போகுது, எப்பதான் மேட்டருக்கு வருவீங்கன்னு கேட்டேன். அதுக்கு அவங்க சொன்ன பதில விட அதுக்கு நான் சொன்ன பதில்தான் ஞாபகம் இருக்கு. எங்க வேலைல பி91னு ஒரு பைப் வரும், பாய்லருக்கு. அத எடுத்தவுடனே வெல்டு அடிக்க முடியாது. 200 டிகிரிக்கு மேல ப்ரீஹீட் பண்ணி, அதாவது முன்னாடியே சூடேத்தி, வேலை நடக்க நடக்க அந்த சூட்ட இறங்க விடாம புடிச்சு வச்சுத்தான் அடிக்கணும். முடிஞ்சதும் போர்வை சுத்தி மெதுவா ஆற விடணும், அப்படியே காத்துல போட்டா வெளிய பாக்க பளபளன்னு இருக்கும், உள்ள முடி மாதிரி கிராக் விட்ருக்கும், ரெண்டு நாள் கழிச்சு டெஸ்ட்ல தெரியும். இத சொல்லிட்டு 'அப்ப போன தடவ போன எடத்துல ப்ரீஹீட் இல்லாம அடிச்சுட்டாங்க மேடம்'னேன். அவங்க நோட்டுல எழுதிக்கிட்டாங்க. அன்னைலேர்ந்து 'இன்னைக்கு ப்ரீஹீட் போதுமா சார்?'னு கேப்பாங்க. போதாதுன்னு நான் சொன்னா அன்னைக்கு சினிமா பத்தி, பையன் படிப்பு பத்தி பேசிட்டு முடிஞ்சிரும். ஒவ்வொரு செஷன்லயும் கடைசி பத்து நிமிஷம் ஆற வைக்கறதுக்குன்னே ஒதுக்கி வச்சிருப்பாங்க, என்ன பேச்சு ஓடினாலும் நிறுத்திருவாங்க. முதல்ல எரிச்சலா இருந்துச்சு, அப்பறம்தான் புரிஞ்சுது, வண்டில சாவி போட முடியணும்ல.

இது அவங்க கண்டுபுடிச்ச முறை இல்ல. ஜூடித் ஹெர்மன்னு ஒரு அமெரிக்க மனநல டாக்டரம்மா 1992லயே இத மூணு கட்டமா பிரிச்சு எழுதி வச்சிட்டாங்க. முதல்ல பாதுகாப்பு, அப்பறம் ஞாபகத்த எடுத்து பாத்து அழுது துக்கம் கொண்டாடறது, அப்பறம் திரும்ப மனுஷங்களோட ஒட்டறது. வரிசைய மாத்துனா வம்பு. நீங்க எந்த இடத்துக்கு போனாலும் முதல் நாளே முழு கதையும் கேட்டாங்கன்னா, சொல்லலைன்னா பரவால்லன்னு சொல்லலைன்னா, எந்திரிச்சு வந்துருங்க.

முதல் செஷன்ல இன்னொரு விஷயம் நேரடியா சொன்னாங்க. நான் பேசறது வெளிய போகாது, ஆனா மூணு இடத்துல அவங்க வாய மூடிட்டு இருக்க முடியாது. நான் என்னையே ஏதாவது பண்ணிக்கற நிலமைல இருந்தா, வேற ஒருத்தர ஏதாவது பண்ணிருவேன்னு இருந்தா, இப்ப ஒரு குழந்தைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா. மூணாவதுக்கு போக்சோ, அதான் குழந்தைங்கள பாலியல் குற்றத்துலேர்ந்து காக்கற சட்டம், அதுல 19வது பிரிவு இருக்கு, தெரிஞ்சும் சொல்லாம விட்டா அவங்க மேலயே கேஸ். இத முன்னாடியே சொன்னது எனக்கு புடிச்சிருந்துச்சு. நான் அன்னைக்கு நைட்டு முழுக்க யோசிச்சேன், அந்த ஆள் வீட்ல இப்ப சின்ன குழந்தைங்க யாரும் இருக்காங்களான்னு. இல்ல. அத உறுதி பண்ணிட்டுதான் தூங்குனேன்.

பத்தாவது செஷன் நானே ஆரம்பிச்சேன். வார்த்தைதான் கிடைக்கல. இத பத்தி கொஞ்சம் சொல்லணும். தமிழ்ல இதுக்கு ரெண்டு வகை வார்த்தைதான் இருக்கு. ஒண்ணு பேப்பர்ல வர்ற 'பாலியல் வன்கொடுமை', அது எனக்கு நடந்த மாதிரியே இல்ல, கோர்ட்டுக்கு நடந்த மாதிரி இருக்கு. இன்னொண்ணு கெட்ட வார்த்தை. நடுவுல ஒண்ணும் இல்ல. 'அப்யூஸ்'னு சொன்னா வாயில ஒட்டாம வழுக்கிட்டு போயிடுது, அதனால சொல்ல ஈசி, ஆனா எதுவும் இறங்காது. மேடம்கிட்ட ஒரு உணர்ச்சி சார்ட் இருந்துச்சு, முழுக்க இங்கிலீஷ், அதுல 'ஷேம்'னு இருந்தத காட்டி இதானேன்னாங்க. வெக்கம்னா கல்யாண பொண்ணுக்கு வர்றது. அவமானம்னா நாலு பேர் பாத்தா. எனக்கு வந்தது கூச்சம். யாரும் பாக்காமலே, தோலுக்கு அடில ஊறுற கூச்சம். அந்த வார்த்தை கிடைச்ச அன்னைக்குத்தான் அழுதேன். கடைசில அந்த விஷயத்துக்கு நாங்க வச்ச பேர் 'மாடி ரூம்'. அவங்களும் அதையே சொல்வாங்க. அந்த இங்கிலீஷ் சார்ட்டுக்கு கால் ஸ்டார் கட், தமிழ்ல ஒண்ணு அடிச்சு ஒட்ட எவ்ளோ நேரம் ஆகும்?

நான் ரொம்ப நாள் கேக்க நெனச்ச கேள்வி ரெண்டு. ஒண்ணு, ஆம்பள புள்ளைக்கு இப்படி நடக்குமா, எனக்கு மட்டும் ஏன்னு. 2007ல மத்திய அரசாங்கமே 13 மாநிலத்துல 12,447 குழந்தைங்ககிட்ட ஒரு ஆய்வு பண்ணிருக்கு, அதுல 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைல பாலியல் தொந்தரவு நடந்துச்சுன்னு சொல்லிருக்காங்க, அப்படி சொன்னவங்கள்ல பாதிக்கு மேல பசங்க. மேடம் இத சொன்னப்ப கண்ண மூடி கேட்டேன். எங்க அஞ்சாம் கிளாஸ்ல 40 பேரு. எத்தன பேர் என்னைய மாதிரியே ஜன்னல பாத்துட்டு உக்காந்திருந்தானோ.

ரெண்டாவது, ஏன் நான் கத்தல. பக்கத்து ரூம்லதான் பாட்டி இருந்துச்சு. இதுக்கு மேடம் சொன்னது, பயத்துல உடம்புக்கு ஓடறது, சண்ட போடறது மட்டும் இல்ல, உறைஞ்சு போறதும் ஒண்ணு, அது நம்மள கேட்டுட்டு நடக்கறதில்ல, சின்ன குழந்தைக்கு மத்த ரெண்டுக்கும் வழியே கிடையாது, தப்பிக்க உடம்பு தேர்ந்தெடுத்த வழி அது. இன்னொண்ணும் சொன்னாங்க, இத எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன், எழுதிடறேன், என்னைய மாதிரி பசங்க பல பேர் இதுலதான் மாட்டிட்டு கிடக்கறாங்க. தொட்டா உடம்பு அது பாட்டுக்கு பதில் சொல்லும், கிச்சுகிச்சு மூட்டுனா சிரிப்பு வர்ற மாதிரி. அதுக்கும் விருப்பத்துக்கும் சம்பந்தம் இல்ல. இந்த ஒரு விஷயத்த 32 வருஷம் முன்னாடி எவனாவது சொல்லிருந்தா...

சரி. 15வது செஷன்லேர்ந்து இஎம்டிஆர் ஆரம்பிச்சாங்க. அவங்க விரல் இடது வலதா போகும், நம்ம கண்ணு அது பின்னாடி போகணும், போயிட்டே அந்த ஞாபகத்தோட ஒரு துண்ட மட்டும் மனசுல வச்சிருக்கணும். எங்க அம்மா பாத்தா மந்திரிக்கிறாங்கன்னு சொல்லும். ஃபிரான்சின் ஷாபிரோன்னு ஒரு அமெரிக்க அம்மா 1987ல பார்க்ல நடந்துட்டு இருக்கும்போது தற்செயலா கவனிச்சு உருவாக்குனது. கண்ணு அசையறதுலதான் விஷயம் இருக்கா, இல்ல பாதுகாப்பா உக்காந்து ஞாபகத்த எதிர்கொள்றதுலயே இருக்கான்னு ஆராய்ச்சி பண்றவங்க இன்னும் அடிச்சுக்கறாங்க. ஆனா உலக சுகாதார நிறுவனம் 2013லயே பெரியவங்களுக்கு இதையும், அதிர்ச்சிக்குன்னு இருக்கற சிபிடி முறையையும் (யோசிக்கறதையும் நடந்துக்கறதையும் மாத்த வைக்கற பேச்சு சிகிச்சை) பரிந்துரை பண்ணிருக்கு. எனக்கு எப்படின்னா, ஞாபகம் போகல. மாடி ரூம் அங்கேயேதான் இருக்கு. முன்ன நான் உள்ள இருந்தேன், இப்ப தெருவுல நின்னு அந்த ஜன்னல பாக்கற மாதிரி இருக்கு. ஒவ்வொரு இஎம்டிஆர் செஷன் அன்னைக்கும் உடம்பு அடிச்சு போட்ட மாதிரி வலிக்கும், மறுநாள் லீவு போட்ருங்க, நான் போடாம போயி ஒரு ஜாயிண்ட்ட தப்பா பாஸ் பண்ணி வாங்கி கட்டிக்கிட்டேன்.

ஏழாவது மாசம் வீட்ல சொன்னேன். எப்படி சொல்றதுன்னு மேடமும் நானும் ரெண்டு வாரம் ஒத்திகை பாத்தோம், அவங்க என் வொய்ஃப் மாதிரி உக்காந்து கேள்வி கேப்பாங்க. அவ்ளோ ஒத்திக பாத்தும் நிஜத்துல ஒண்ணரை நிமிஷத்துல சொல்லி முடிச்சிட்டேன். அவ ஒண்ணும் பேசல. எந்திரிச்சு போயி டீ போட்டு கொண்டாந்தா. மறுநாள் காலைல பாத்திரம் கழுவிட்டே திரும்பாம கேட்டா, 'ஏங்க, அப்ப நம்ம கல்யாணத்துல அந்தாளு காலுல விழுந்தோமே?' அதுக்கப்பறம் சாயங்காலம் வரைக்கும் அவ பேசல, என் மேல கோவம் இல்லன்னு மட்டும் புரிஞ்சுது.

அந்தாளு இன்னும் இருக்காரு. பக்கவாதம், படுக்கைல. அம்மா மாசம் ஒரு தடவ ஃபோன்ல, ஒரு எட்டு போயி பாத்துட்டு வாடாங்குது. அம்மாகிட்ட இன்னும் சொல்லல. கேஸ் போடலாமான்னு ஒரு வக்கீல பாத்தேன், மேடம் சொல்லி இல்ல, நானா. போக்சோ 2012 நவம்பர் 14லதான் அமலுக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி நடந்ததுக்கு பழைய ஐபிசி, அதான் இந்திய தண்டனை சட்டம்தான். போக்சோல, சின்ன வயசுல நடந்தத எந்த வயசுலயும் புகார் குடுக்கலாம், கால வரம்பு இல்லன்னு 2018ல சட்ட அமைச்சகம் தெளிவு பண்ணுச்சு. பழசுக்கு எந்த பிரிவு பொருந்துதோ அத பொறுத்து. முடியாதுன்னு வக்கீல் சொல்லல, கஷ்டம்னாரு. இன்னும் முடிவு பண்ணல. இங்கயும் மேடம் அவசரப்படுத்தல, கேஸ் போடுங்கன்னும் சொல்லல, விட்ருங்கன்னும் சொல்லல. மன்னிக்கறத பத்தி நானே ஒரு தடவ கேட்டதுக்கு, 'அது உங்க வீட்டுப்பாடம் இல்ல சார்'ன்னாங்க. அந்த ஒரு வரிக்கே ரெண்டு மாச ஃபீஸ் குடுக்கலாம்.

இப்ப குறைங்க. ரிசப்ஷன்ல முதல் ரெண்டு மாசம் பேர சத்தமா கூப்டுவாங்க, ரேஷன் கடை மாதிரி. நான் சண்ட போட்டதுக்கப்பறம் டோக்கன் நம்பர் ஆச்சு. ஃபார்ம் எல்லாம் இங்கிலீஷ். ஆம்பளைங்களுக்குன்னு குரூப் கிடையாது, பொம்பளைங்களுக்கு மாசம் ஒரு தடவ நடக்குது. மேடம் ஒரு தடவ மூணு வாரம் லீவு, நாலு நாள் முன்னாடிதான் சொன்னாங்க, அந்த மூணு வாரம் எனக்கு பழைய கனவெல்லாம் வரிசை கட்டி வந்துச்சு. திரும்ப வந்ததும் அவங்க மன்னிப்பு கேட்டாங்க, அப்பறம் லீவுன்னா ஒரு மாசம் முன்னாடியே காலண்டர்ல காட்டுனாங்க, ஆனாலும் மீதி முக்கா ஸ்டார் அங்கதான் போச்சு. ஏசி வேற கடகடன்னு சத்தம். அது ஒரு வகைல நல்லது, வெளிய கேக்காது.

காசு: செஷனுக்கு 1200, ஒரு மணி நேரம். மொத்தம் 46 செஷன், 55,200 ஆச்சு. மனநலத்தையும் மத்த வியாதி மாதிரியே இன்சூரன்ஸ்ல சேக்கணும்னு 2017 சட்டத்துல இருக்கு, ஆனா என் பாலிசி படுக்கைல சேந்தாதான் குடுக்கும், உக்காந்து பேசுனதுக்கு ஒத்த ரூபா வரல. ஓவர்டைம் பாத்து கட்டுனேன். முடியாதவங்க ஜிஎச் மனநல பிரிவுக்கு போங்க, கூட்டமா இருக்கும், ஆனா காசு இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு முடியலைன்னா 14416, டெலி மானஸ், அரசாங்கத்தோடது, 2022 அக்டோபர்லேர்ந்து ஓடுது, தமிழ்ல பேசலாம். நான் ஒரு தடவ கூப்ட்ருக்கேன், எடுத்த தம்பி 20 நிமிஷம் பொறுமையா இருந்தான். சென்னைல துளிர்னு ஒரு அமைப்பு 2004லேர்ந்து குழந்தைங்க மேல நடக்கற இந்த கொடுமைக்குன்னே வேலை பாக்கறாங்க. டெல்லில ராஹின்னு ஒண்ணு 1996லேர்ந்து, சின்ன வயசுல இதுல மாட்டி இப்ப வளர்ந்த பொம்பளைங்களுக்காக. கவுன்சிலர்னு போர்டு மாட்டறவங்க எல்லாம் படிச்சவங்கன்னு நம்பிடாதீங்க. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா இருந்தா ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு நம்பர் இருக்கும், கேளுங்க, கோவப்பட்டா அது சரியான இடம் இல்ல. இந்த மேடம் கேக்கறதுக்கு முன்னாடியே சுவத்துல மாட்டி வச்சிருந்தாங்க.

இப்ப மாசம் ஒரு தடவதான் போறேன். தூக்கம் அஞ்சு மணி நேரம் வருது, ஆறு வந்தா நல்லாருக்கும். பையன் யார் மடில உக்காந்தாலும் இன்னும் ஒரு தடவ திரும்பி பாக்கறேன், ஆனா கத்தறதில்ல.

போறவங்களுக்கு: கீழ் மாடில ஸ்கேன் சென்டர் இருக்கு, அதனால தெரிஞ்சவங்க யாராவது வாசல்ல பாத்துட்டாங்கன்னா வயித்து வலின்னு சொல்லிக்கலாம், நான் 14 மாசமா அல்சர்காரன். வண்டி நிறுத்த இடம் சுத்தமா கிடையாது, சனிக்கிழமை சாயங்காலம் கிராஸ் தெரு முழுக்க டாக்டர பாக்க வந்த கார்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி ஆட்டோ புடிச்சிருங்க. ஏழு மணி ஸ்லாட் கேக்காதீங்க, அது என்னோடது.